கொழிஞ்சி மூட்டையை ஏன் அனுப்பவில்லை

அன்பு மகன் தானியேலுக்கு,

நீ கேட்ட கொழிஞ்சி வேர் இந்தக் கடிதத்தோடு வராது. சுற்றி வளைத்து எழுத ஆரம்பித்தால் நடுவில் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். உன் தாயார் வேரை வெயிலில் காய வைத்து, சாக்கில் கட்டி, வாயைக் கோணி ஊசியால் தைத்தும் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் கஸ்பார் வேலை செய்யும் தோணி கொழும்புக்குப் புறப்பட இருக்கிறது. எல்லாம் ஆயத்தம். நான்தான் அனுப்பப் போவதில்லை. ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது உன் தகப்பனைப் பற்றி நீ வைத்திருக்கும் மதிப்பு இறங்கியிருக்கும். அதைத் தாங்கிக்கொள்வேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அவ்வளவு மன உறுதி எனக்கு எப்போதும் இருந்ததில்லை என்பது உனக்கே தெரியும்.

உன் கடிதத்தை உன் தாயார் கேட்கும்படி உரக்கப் படித்தேன். ரப்பர்த் தோட்டத்தில் டிஸ்பென்சராக வேலை ஏற்ற சில வாரங்களிலேயே கூலிகள் குடியிருக்கும் லயங்களில் மலேரியாக் காய்ச்சல் தொடங்கிவிட்டது, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை, ஓடைக் குட்டைகளில் ஊற்ற மண்ணெண்ணெயும் இல்லை என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியைப் படிக்கும்போது என் குரல் இறங்கிப் போயிற்று. "எங்கள் அப்பாவிடம் ஒரு மருந்து இருக்கிறது, கொசுப்புழுவை ஒரே பகலில் கொல்லும், அவரே கண்டுபிடித்தது என்று தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். உன் தாயார் சந்தோஷத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு முகம் சுட்டது. புதிய இடத்தில், புதிய வேலையில், என்னை நம்பி நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய். லயத்து ஜனங்களும் அந்த வாக்கை நம்பிக் காத்திருக்கிறார்கள். அந்த மருந்தை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதை இப்போது உனக்குச் சொல்ல வேண்டும்.

தொடக்கம் உனக்குத் தெரிந்ததுதான். யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் வந்த காலம். தண்ணீருக்கு நம் வளவு படும் பாடு அப்போதும் இதே பாடுதான். ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு தரைத்தொட்டி, வீட்டுக்கு ஒரு பீப்பாய், வண்டிக்காரன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். வந்த தண்ணீரை யாரும் வீணாக்க மாட்டார்கள். நாள்கணக்கில் சேர்த்து வைப்பார்கள். சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில்தான் மலேரியாக் கொசு முட்டையிடும். சாக்கடையில் தலைகீழாகத் தொங்கும் புழு வேறு, தொட்டியில் தண்ணீர் மட்டத்தோடு துரும்பு போலப் படுத்துக் கிடக்கும் புழு வேறு, பின்னதுதான் காய்ச்சலைக் கொண்டுவருவது என்று நான் வகுப்பில் வருஷா வருஷம் படம் போட்டுக் கற்பித்தவன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த எனக்கு, இந்தப் புழுவை ஒழிப்பது என் வேலை என்று தோன்றிற்று. கொழிஞ்சி வேரை இடித்துக் குளத்தில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மீனைக் கொல்வது புழுவையும் கொல்லும் என்று நினைத்தேன். வேரை இடித்து, ஊற வைத்து, துணியில் வடிகட்டி ஒரு பீப்பாயில் ஊற்றினோம். நீயும் கூட நின்றாய். மத்தியானத்துக்குள் ஒரு புழு அசையவில்லை. வளவே கூடி வந்து பார்த்தது. அன்றிலிருந்து எனக்குக் "கொழிஞ்சி சார்வாள்" என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. உன் தாயாருக்கு மட்டும் தெரியும்.

இதுவரை நீ அறிந்தது. இனி எழுதுவது நீ அறியாதது. அந்த முதல் நாள் ஊற்றிய அளவை நான் அதற்குப் பிறகு ஒருநாளும் ஊற்றவில்லை. வளவில் ஒருவர், தண்ணீர் கசக்கிறது என்றார். இன்னொருவரின் ஆட்டுக்கு வயிறு கழிந்தது. அது எதைத் தின்று கழிந்ததோ, யாருக்குத் தெரியும்? ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் குடிக்கிற தண்ணீர். நாளை ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். சுகாதார ஆபீசிலிருந்து ஆள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? பயந்தது தவறில்லை. குடிதண்ணீரில் மீன் நஞ்சைக் கலக்கக் கூடாது என்று அன்றே தெளிந்து நிறுத்தியிருந்தால் அது நல்ல பயமாக இருந்திருக்கும். நான் நிறுத்தவும் இல்லை, முழு அளவு ஊற்றவும் இல்லை. பாதியாகக் குறைத்தேன். குறைத்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை.

பாதி அளவிலும் பெரும்பாலான புழுக்கள் செத்தன. சில சாகவில்லை. தொட்டியின் மூலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நெளியும். அவற்றைப் பார்த்ததும், அடுத்த முறை ஒரு கரண்டி கூட்டி ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பேன். கூட்டினேன். கொஞ்ச காலம் சரியாக இருக்கும். பிறகு மறுபடியும் சில பிழைக்கும். இன்னொரு கரண்டி. நான் எதையும் ஒழுங்காக, நிதானமாக, படிப்படியாகச் செய்கிறவன் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்த ஒழுங்குதான் வினையாயிற்று. ஒவ்வொரு படியிலும் தாங்கக் கூடியவை மட்டும் மிஞ்சின. மிஞ்சியவை கொசுவாகிப் பறந்து, கூடி, அதே தொட்டியில் முட்டையிட்டன. அடுத்த படியை நான் கட்டுவதற்குள் அவற்றின் பிள்ளைகள் அதில் ஏறத் தயாராக இருந்தன.

உனக்கு ஒரு நாள் நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். வேர் வாங்கப் புன்னைக்காயல் போகும் சாலையில் மாட்டு வண்டியில் போனோம். நீ கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். ஆற்றுப் பாசன வயல் ஒன்றில் கொழிஞ்சித் தழையை எருவுக்காக மிதித்துக்கொண்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீர் காப்பி நிறத்தில் நின்றது. நீ வரப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இங்கன வாங்க. இந்தத் தண்ணியில புழு கெடக்கே?" என்றாய்.

"அது வேற புழு" என்றேன் நான், வண்டியை விட்டு இறங்காமலே.

"வேற எப்படி? மட்டத்தோட படுத்துத்தானே கெடக்கு? இதுலயும் கொழிஞ்சிதான மிதிச்சிருக்கு?"

வயல்காரர் சிரித்தார். "தம்பி, எங்க தாத்தா காலத்துலருந்து இதுல கொழிஞ்சிதான் மிதிக்கோம். அந்தக் காலத்துலருந்து கொசுவும் எங்களக் கடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு."

"கேள்வி கேக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, எப்ப கேக்கணும்னும் தெரியணும்" என்று நான் உன்னிடம் கடுகடுத்தேன். தானியேல், நீ கேட்டது சரியான கேள்வி. நான் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். தழையில் வேரில் இருக்கும் அளவுக்கு நஞ்சு இல்லை, ஆனால் கொஞ்சம் இருக்கிறது. அந்த நஞ்சு ஊறும் சேற்றிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த புழு, அதைத் தாங்கும் புழுவாக ஆகிவிட்டிருந்தது. என் மருந்தின் கதி என்ன ஆகும் என்று அந்த வயல் எனக்கு முன்கூட்டியே காட்டிற்று. நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. மருந்து வருவதற்கு முன்னால் வளவுப் பெண்கள் பீப்பாய்க்குப் பலகை மூடியோ, பழைய துணியோ போட்டுக் கட்டி வைப்பார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கட்டை அவிழ்த்து மருந்து ஊற்றுவது எனக்குத் தொந்தரவாக இருந்தது. "மருந்து இருக்கும்போது மூடி எதுக்கு? திறந்தே வைங்க" என்று சொன்னேன். படித்தவன் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். கஸ்பாரின் மனைவி சவரியம்மாள் மட்டும் கொஞ்ச நாள் துணி கட்டிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை சொன்ன பிறகு அவளும் அவிழ்த்துவிட்டாள். மருந்து முழுப் பலத்தோடு இருந்த காலத்தில் மூடி இருந்தது. பலம் போன காலத்தில் மூடியும் இல்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் வளவில் காய்ச்சல் வந்தது. முதலில் சவரியம்மாள் வீட்டில். நான் போய் அவள் பீப்பாயைப் பார்த்தேன். முந்தின நாள் மருந்து ஊற்றிய தண்ணீரில் புழு பரவிக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு வரும் கோபம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. அது ஏறுவதற்கு எளிய ஆளைத் தேடும். தண்ணீர் வண்டி வந்து, தெருப் பெண்கள் எல்லாம் குடத்தோடு வரிசையில் நின்ற நேரத்தில் நான் அவளைக் கேட்டேன்.

"சவரியம்மா, நேத்து நான் மருந்து ஊத்துன தண்ணிய நீ கொட்டிட்டு வேற தண்ணி நிரப்பியிருக்க. இல்லேன்னா புழு எப்படி இருக்கும்?"

"நா எதுக்கு சார்வாள் கொட்டுதேன்? ஒரு கொடம் தண்ணிக்கு இங்கன மயிரப் பிடிச்சி சண்ட நடக்கு. வந்த தண்ணியக் கொட்டுததுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

"கொட்டாம புழு இருக்காது. மருந்து பொய் சொல்லாது."

"அப்போ நாந்தான் பொய் சொல்லுதேன்?"

வரிசையில் நின்ற ஒருத்தி, "ஏளா சவரி, சார்வாளு படிச்சவரு. அவருகிட்ட போயி எதுத்துப் பேசுதியே" என்றாள்.

"படிச்சவரு ஊத்துன தண்ணியிலதான் புழு ஆடுது. என்னைய எதுக்கு ஏசணும்?" என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சோம்பேறி, சுத்தமில்லாதவள், தெருவுக்கே காய்ச்சலைக் கொண்டுவந்தவள் என்று அவளுக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் கொடுத்தேன். பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது.

கஸ்பார் அப்போது சங்கு குளிப்பவன். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகிற தேகம். கருங்கல் போல இருப்பான், நீ பார்த்திருக்கிறாய். அவனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. சங்குக் காலம் நடந்துகொண்டிருக்கையில் படகிலேயே குளிர் கண்டு நடுங்கியவனைப் போர்த்திக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கொயினா கிடைத்தபோது கிடைத்தது, கிடைக்காதபோது இல்லை. மண்ணீரல் வீங்கி, ஆள் பாதியாகிவிட்டான். காய்ச்சல் நின்ற பிறகு சங்கு குளிக்க இறங்கிப் பார்த்தான். மூச்சை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் தோணியில் பாய் இழுக்கப் போனான். "கடலுக்கு அடியில போனவன் இப்ப மேலால போறேன், அவ்வளவுதான் சார்வாள், ஒசந்துட்டேன்" என்று என்னிடமே வேடிக்கையாகச் சொல்வான். நானும் சிரிப்பேன்.

புழு ஏன் சாகவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு அன்றே தெரியும். விஞ்ஞானம் கற்பித்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மருந்தே கண்டிராத ஊரின் புழுவையும் நம் தொட்டிப் புழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மருந்தை ஒரே அளவில் ஊற்றினால் போதும். இரண்டும் பிழைத்தால் வேர் மட்டமானது. ஒன்று செத்து மற்றது பிழைத்தால் குற்றம் வேரில் இல்லை, சவரியம்மாளிடமும் இல்லை. இவ்வளவு சுலபமான பரீட்சையை நான் தள்ளிக்கொண்டே வந்தேன். வேர் பழையது, மழைநீர் கலந்துவிட்டது, யாரோ கொட்டிவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். என் வகுப்பிலும் நான் இப்படித்தான். ஒருமுறை ஜலவாயுவை, அதாவது ஹைட்ரஜனை, கொளுத்திக் காட்டும்போது சத்தமே வரவில்லை. "குழாய் ஈரமாக இருக்கிறது" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன். நீ முதல் பெஞ்சில் இருந்தாய். குழாய் ஈரமாக இல்லை என்று உனக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். அன்று நீ காட்டிய அந்தத் தயவை, இப்போது துரை முன்னால் எனக்குக் காட்டிவிடாதே என்று கேட்கத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு மேலும் தள்ள முடியவில்லை. ஓட்டப்பிடாரம் போனேன். அங்கே ஒரு கிணற்றடித் தொட்டியில் புழு எடுத்து, கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "பெரியவரே, புட்டியில என்ன? சரக்கா?" என்றான்.

"கொசுப்புழு."

"கொசுப்புழுவா? தூத்துக்குடியில இல்லன்னா இங்கன வந்து வாங்கிட்டுப் போறிய?"

பஸ்ஸே சிரித்தது. நான் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். அவன் கேட்டதற்குச் சரியான பதில், "தூத்துக்குடிப் புழுவை நான் கெடுத்துவிட்டேன், கெடாத புழு வேண்டும்" என்பதுதான்.

கொல்லையில் இரண்டு பேசினில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஓட்டப்பிடாரத்துப் புழு, மற்றதில் நம் தொட்டிப் புழு. முதல் நாள் பீப்பாயில் ஊற்றிய அதே பலத்தில் புது வேர்ச் சாறு. உன் தாயார் வடகம் காய வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஓட்டப்பிடாரத்துப் புழுக்கள் அடியில் படிந்துவிட்டன. நம் புழுக்களில் சில செத்தன. மற்றவை மேலே வருவதும் கீழே போவதுமாக, ஒன்றுமே நடவாதது போல ஆடிக்கொண்டிருந்தன.

புழு நஞ்சைக் குடித்துக் குடித்துப் பழகிவிட்டது என்று நீ நினைத்துவிடாதே. செத்த புழுவுக்குப் பழக்கம் ஏது? பிறக்கும்போதே ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. சேரான் மரத்தடியில் ஒதுங்கினாலே உன் சித்தப்பாவுக்கு உடம்பு தடித்து வீங்கும், எனக்கு ஒன்றும் செய்யாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான் நாங்கள். உலகத்தில் சேரான் மரமே மனிதரைக் கொல்லுமானால் சித்தப்பா வம்சம் இருக்காது, என் வம்சம் இருக்கும். பிறக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் என்னைப் போல இருக்கும். புழுவிலும் இதுதான் நடந்தது. எங்கோ ஒன்றிரண்டு, கொழிஞ்சியைக் கொஞ்சம் தாங்கும் தேகத்தோடு பிறந்திருக்கும். மற்றவற்றை நான் ஒழித்து, அவற்றுக்குத் தொட்டி முழுவதையும் காலி செய்து கொடுத்தேன். நமக்கு ஒரு தலைமுறை என்பது அவற்றுக்குப் பல நூறு தலைமுறை. ஆண்டவர் படைப்பில் இப்படி ஒரு விதி இருப்பதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த விதிக்குக் கைக்கருவியாக என் பயம் பயன்பட்டது என்பதில்தான் வெட்கம்.

உன் தாயார் வடகத்தை விட்டுவிட்டு வந்து இரண்டு பேசினையும் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏங்க, அப்போ தானியேல் இருக்க எடத்துப் புழு இந்த மருந்தக் கண்டதே இல்லல்லா? இந்த ஓட்டப்பிடாரத்துப் புழு மாதிரி அது செத்துரும்லா?"

"சாகும்."

"பொறவு என்ன? அனுப்புங்க. புள்ள சொன்ன சொல்லு நிக்கும்லா. இங்க கெட்டுப்போனது இங்கனயே இருக்கட்டும். அங்க யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் சொன்னது உண்மை. மருந்து அங்கே வேலை செய்யும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் நாள் புழு சாகும், துரை உன் முதுகில் தட்டுவார், லயத்தில் உன்னைக் கொண்டாடுவார்கள். நீ என் மகன். கொண்டாடிய பிறகு உன்னாலும் பின்வாங்க முடியாது. ஓடைக் குட்டையில் பிள்ளைகள் குளிக்கும், ஜனங்கள் மொண்டு குடிக்கும். நீயும் அளவைக் குறைப்பாய். அது போதாதென்று அந்தக் குட்டையில் புழுவைத் தின்னும் சின்ன மீன்கள் இருக்கும். கொழிஞ்சி முதலில் கொல்வது அவற்றைத்தான். பிறகு ஒருநாள் தாங்கும் புழு வரும்போது அதைத் தின்ன மீனும் இருக்காது. இங்கே ஒரு வளவில் நடந்தது அங்கே ஒரு தோட்டம் முழுக்க நடக்கும்.

ஆகையால் என்ன செய்யலாம் என்று நீ கேட்பாய். என் யோசனைக்கு இப்போது என்ன விலை என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஓடை வற்றி நிற்கும் குட்டைகளை ஆள் வைத்து வெட்டி ஒன்றோடொன்று சேர்த்து ஓடவிடு. மேடாக்கக் கூடியதை மண் போட்டு மூடு. லயத்துப் பீப்பாய்களுக்குத் துணி கட்டச் சொல். அவிழ்ப்பது யாருக்குத் தொந்தரவாக இருந்தாலும், உனக்கே தொந்தரவாக இருந்தாலும் கட்டச் சொல். மீனைச் சாகவிடாதே. கொயினாவுக்குத் துரையை நச்சரி. நான் ஒருநாளும் யாரையும் நச்சரித்ததில்லை, அதில் என்னைப் பார்த்துக் கற்காதே. டி.டி.டி. என்று ஒரு வெள்ளைப் பொடி வரப்போகிறது, அது வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் எழுதியிருந்தாய். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மருந்தாகவே இருக்கலாம். ஆனால் அதை அடித்த மறுநாள், செத்தவற்றை எண்ணி மகிழ்ந்துவிட்டுத் திரும்பிவிடாதே. சாகாதது ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார். இருந்தால் அன்றைக்கே வெளியே சொல். வயலில் குனிந்து பார்க்கத் தெரிந்தவன் நீ.

பரீட்சை முடிந்த மறுநாள் தண்ணீர் வண்டி வரும் நேரத்துக்குப் போய் நின்றேன். சவரியம்மாள் வந்தாள். எப்படியோ சொன்னேன். "சவரியம்மா, அன்னைக்கு உன்னைச் சொன்னது தப்பு. நீ தண்ணியக் கொட்டல. மருந்துதான் கெட்டுப்போச்சு."

"மருந்து தானா கெட்டுச்சா, நீங்க கெடுத்தியளா?"

"நான்தான் கெடுத்தேன்."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நீங்க ஏசுனத தெருவே நின்னு கேட்டுச்சு. இன்னைக்கு நாலு கொடம்தான் நிக்கி." பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சரி, அது கெடக்கட்டும். இப்ப பீப்பாய்க்கு மூடி போடணுமா, வேண்டாமா? அத மொதல்ல சொல்லுங்க."

"போடணும். எல்லாரும் போடணும்."

"பொறவு எதுக்கு எடுக்கச் சொன்னிய?"

அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. அடுத்த வண்டிக்கும் போனேன், கூட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்தது, மறுபடியும் சொன்னேன். "சார்வாள் வேதம் வாசிக்க வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். தெரு முழுக்கக் கேட்கும்வரை போகலாம் என்றிருக்கிறேன்.

துரைக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைக்கிறேன். உன் சொல் பொய்யானதற்கு நான்தான் காரணம், நீ என்னை நம்பியதைத் தவிர வேறு தவறு செய்யவில்லை என்று என் கையெழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு எழுதும்போது எனக்கு இந்த வயதிலும் வேர்க்கிறது. நீ தயங்காமல் கொண்டுபோய்க் கொடு. அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதுவரை எழுதி உறையில் போட்டுவிட்டேன். மீதியை உறையைத் திறந்து எழுதுகிறேன். கஸ்பார் வந்து வாசலில் நிற்கிறான்.

"சார்வாள், மூட்ட எங்கன?" என்று கேட்டான். மூட்டை இல்லை, கடிதம் மட்டும்தான் என்றேன். "இந்தத் தாளுக்கா என்னைய வரச் சொன்னிய? ஒரு புறா போதுமே" என்று வாங்கிக்கொண்டான். பிறகு, "சவரி எல்லாத்தையும் சொன்னா. தொரைக்கும் எழுதியிருக்கியளாமே?" என்றான்.

"எழுதியிருக்கேன்."

"என் காய்ச்சல எழுதியிருக்கா?"

உனக்கு எழுதியதில் இருக்கிறது. துரைக்கு எழுதியதில் இல்லை. அதில், மருந்தின் பலன் நாளடைவில் குறைந்து காணப்படுகிறது என்று, படிக்க அழகாக எழுதியிருந்தேன். யார் குறைத்தது என்று ஒப்புக்கு ஒரு வரி இருந்தது. யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சொல் இல்லை. இவ்வளவு வெட்கப்பட்டு எழுதிய கடிதத்திலும் நான் ஒளிவதற்கு ஓர் இடம் வைத்திருந்தேன்.

"இல்லை" என்றேன்.

"அப்போ தொரைக்கு என்ன தெரியும்? மருந்து சரியில்ல, வேற வாங்கலாம்னு நெனப்பாரு" என்றான் கஸ்பார். கோபமாகச் சொல்லவில்லை. தோணிக்கு நேரமாகிறது என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

துரைக்கு எழுதிய கடிதத்தை அவனிடமிருந்து திரும்ப வாங்கினேன். திறந்து வைத்த பீப்பாயால் காய்ச்சல் வந்தது, சங்கு குளித்த ஒரு மனிதன் இனிக் குளிக்க முடியாமல் போனான் என்று கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் நெருக்கி எழுதினேன். அவன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். கஸ்பாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"இதுல என் பேரு எது?" என்று கேட்டான்.

பெயர் எழுதவில்லை. ஒரு மனிதன் என்றுதான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு மேலே அவன் பெயரை எழுதி, விரலை வைத்துக் காட்டினேன். மை காயும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இப்படிக்கு,
உன் தகப்பன்